விரல் தூக்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஒரு சதுப்பு நிலத்தின் வாசலில் நான் நின்றதற்கு ஒரே காரணம் என் அக்கா. ஒரு வாரமாக ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு தடவை வந்து பார், அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிடவே மாட்டேன் என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. ஒப்புக்கொண்டேன்.

பறவைகள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தின் மேல் பிரியம், அவ்வளவுதான். மற்ற ஆறு நாளும் நான் காது சோதிக்கிறேன். சத்தம் புகாதபடி சுவருக்கு மெத்தை அடித்த சின்ன அறை, நடுவில் கண்ணாடி, அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய ஆள், இந்தப் பக்கம் நான். தடித்த சத்தம், மெல்லிய சத்தம் என்று மாற்றி மாற்றிப் பொத்தானை அழுத்துவேன். கேட்டால் அவர் விரலைத் தூக்கவேண்டும். எந்த இடத்தில் விரல் எழாமல் போகிறதோ, அங்கே தாளில் ஒரு புள்ளி வைப்பேன். சுலபமான வேலை. ஆனால் ஆட்கள் ஏமாற்றுவார்கள். காது மந்தம் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசு வராது. என் தோள் அசைவதைப் பார்த்துவிட்டு விரலைத் தூக்குவார்கள். அதனாலேயே கையை மேசைக்குக் கீழே வைத்து அழுத்தப் பழகினேன். அப்படியும் யாராவது பார்த்துத் தூக்கினால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். இந்த விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது.

அக்கா வீட்டுக்காரர்தான் அந்தப் பறவை எண்ணும் நடைக்குத் தலைவர். அத்தான் முப்பது வருஷம் ஒரு அச்சகத்தில் பெரிய மிஷினை ஓட்டியவர். இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் இந்தச் சதுப்பில் பறவைகளை எண்ணுகிறவர். பட்டியல் விஷயத்தில் அவருக்கு ஒரே பேச்சுதான். அவரே பார்த்தது, அவரே கேட்டது மட்டுமே தாளில் ஏறும். யாரோ பார்த்தார்களாம், எங்கேயோ கேட்டதாம் என்பதெல்லாம் வாசலோடு சரி. குரலை வைத்துக் குருவியின் பெயரைச் சொல்லும் வசதி இப்போது போனிலேயே வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டதற்கு, போன் கேட்டதைப் போன் தன் பட்டியலில் எழுதிக்கொள்ளட்டும் என்றாராம்.

அன்றைக்கு எங்களையும் சேர்த்து ஐந்து பேர். அத்தான், அக்கா, நான், ஒரு பள்ளி பஸ் டிரைவர், ஒரு தையல்காரம்மா. டிரைவர் சேர்ந்து மூன்று வருஷம், தையல்காரம்மா இரண்டு வருஷம். அக்காவும் இரண்டு வருஷமாகத்தான் வருகிறாள். சர்க்கரை கூடிவிட்டது, நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு அவளுக்குப் பறவைகள் மேல் திடீர்ப் பாசம் வந்தது. பழைய ஆட்களில் ஒருவர் மகளோடு வெளிநாடு போய்விட்டார், இன்னொருவர் காலமாகிவிட்டார்.

வாசலில் அத்தான் எனக்கு விதிகளைச் சொன்னார். இது பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலம். பாதையை விட்டு ஒரு அடி இறங்கக் கூடாது. நாணலை விலக்கிப் பார்க்கக் கூடாது. கூடு கண்ணில் பட்டால் நிற்காமல் நடக்கவேண்டும், இடத்தை வெளியே சொல்லக் கூடாது. என் சிவப்புத் துப்பட்டாவைப் பார்த்துவிட்டு அக்காவிடம் எதையோ முணுமுணுத்தார். அக்கா அதைப் பிடுங்கித் தன் பைக்குள் திணித்தாள். ஐம்பது வயதை நெருங்குகிறேன், அக்காவுக்கு நான் இன்னும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான்.

பாதையில் ஐந்து இடங்களில் நிற்பார்கள். டிரைவர் அவற்றை ஸ்டாப்பிங் என்றுதான் சொல்வார். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். யாரும் மூச்சு விடக் கூடாது என்பதுதான் மிச்சம். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாணலுக்குள் இருக்கிற குருவிகள் கண்ணுக்குச் சிக்காது, குரலை வைத்துத்தான் எண்ணமுடியும். இந்தப் பருவத்தில் ஆண்குருவி தன் எல்லையில் நின்று பாடும், ஒரு குரல் என்றால் ஒரு குடும்பம். குரல் கேட்டதும் அத்தான் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்குவார். பெயரைச் சொல்வார். டிரைவர் குறித்துக்கொள்வார். மற்றவர்கள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

முதல் தடவை அவர் விரலைத் தூக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லீவு நாளிலும் வேலைக்கே வந்த மாதிரி இருந்தது.

இரண்டாவது ஸ்டாப்பிங்கில் அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். அத்தானைக் கண்ணால் காட்டினாள். நான் புருவத்தை உயர்த்தினேன். அடுத்த இடத்துக்கு நடக்கும்போது, மற்றவர்களை முன்னே விட்டு, விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் வாசல் மணி அடித்தால் அத்தான் எழுந்து போவதில்லை. டிவியை அலற விடுகிறார். பேத்தி போனில் பேசினால் சரி சரி என்று சொல்லிவிட்டு அக்காவிடம் நீட்டிவிடுகிறார். கேட்டால், இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்கிறார். இந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். என் அறைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள்.

"நான் சொன்னா பொண்டாட்டி தொணதொணப்புன்னு போயிடும். நீ சொல்லு. உன் தொழில்தானே," என்றாள் அக்கா.

சொல்லிவிடலாம், இதில் என்ன இருக்கிறது, டீ குடிக்கும்போது சொல்லிவிடுகிறேன் என்றேன். உண்மையில் எனக்கு அப்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. முப்பது வருஷம் அச்சு மிஷின் பக்கத்தில் நின்றவருக்கு மெல்லிய சத்தங்கள் போயிருக்கும். போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவருக்குக் கருவி மாட்டினால் அக்காவுக்கு டிவி இரைச்சலிலிருந்து விடுதலை. அவ்வளவு சின்ன விஷயமாகத்தான் அது இருந்தது.

மூன்றாவது ஸ்டாப்பிங்கில் தொடங்கி எனக்கு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்து நாணலிலிருந்து மெல்லிசாக, விடாமல், ஒரே இழையாக வந்தது. தொழில் புத்தி, உடனே எடை போட்டேன். என் மிஷினில் ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும், வயதானால் முதலில் போகிற கீச்சுச் சத்தம். அது என்ன என்று டிரைவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பூச்சி மேடம்," என்றார். "இந்த சீசன்ல கத்தும்."

அத்தானே அப்படிச் சொன்னாரா என்றேன். சொல்லவில்லையாம். ஆனால் குருவியாக இருந்தால் சார் விரலைத் தூக்கியிருப்பாரே என்றார். அதுவும் நியாயம்தான் என்று நடந்தேன்.

டிரைவர்தான் கிழக்கு நாணல் விஷயத்தையும் சொன்னார். அந்த நாணலை வெட்டிவிட்டு, பலகைப் பாதை போட்டு, வரிசையாக விளக்குக் கம்பம் நட பூங்கா அலுவலகத்துக்கு ரொம்ப நாளாக ஆசை. குறுக்கே நின்றது ஒரே ஒரு குருவி. புத்தகத்தில் அதற்கு மூன்று சொல்லில் ஒரு பெயர், அத்தான் சக்கரக்குருவி என்பார். சதுப்பிலேயே அந்த ஒரு துண்டு நாணலில்தான் அது கூடு கட்டும், தரையோடு தரையாக. அத்தான் அலைந்து திரிந்து மனுக் கொடுத்து, கடைசியில் அலுவலகம் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தது. மூன்று வருஷம் அத்தான் எண்ணித் தரவேண்டும். மூன்று வருஷமும் குருவி இல்லை என்றால் வெட்டலாம். போன வருஷம் இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. இது மூன்றாவது வருஷத்தின் கடைசி நடை. நாளைக் காலையில் தாள் அலுவலகத்துக்குப் போகவேண்டும், அடுத்த வாரம் வெட்டுகிற மிஷின் வந்துவிடும்.

எழுதுகிற தாளில் கொஞ்சம் கூட்டி எழுதினால் என்ன என்று கேட்டேன். டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள் என்றார்.

நான்காவது இடத்துக்கும் ஐந்தாவது இடத்துக்கும் நடுவில் ஒரு மரமேடை. அங்கேதான் டீ. கிழக்கு நாணல் அதை ஒட்டியே தொடங்குகிறது. அக்கா பிளாஸ்க்கைத் திறந்தாள், பிஸ்கட்டைப் பிரித்தாள், எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் தையல்காரம்மா அத்தானிடம் ஒன்று கேட்டுவிட்டார். இரண்டு வருஷமாக இந்தச் சக்கரக்குருவிக்காக நிற்கிறோம், நான் ஒருநாளும் கேட்டதில்லை, அது எப்படித்தான் பாடும் சார் என்றார்.

அத்தான் நாணலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கப்பைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குச் சொன்னா புரியும். மிஷின்ல துணி வைக்காம சக்கரத்தை மட்டும் ஓட விட்டா ஒரு சத்தம் வருமே, அது. ரொம்ப மெல்லிசா. மூச்சே விடாது. தலையை அந்தப் பக்கம் திருப்பினா குறையும், நம்ம பக்கம் திருப்பினா கூடும். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் நிக்காமப் போகும். டக்குனு நிறுத்தும். கொஞ்சம் கழிச்சு மறுபடி."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருபது அடி தூரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. துணி வைக்காத சக்கரம். குறைந்தது. கூடியது. ‘டக்குனு’ என்று அவர் சொன்னதற்குக் கொஞ்சம் பிந்தி டக்கென்று நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

தையல்காரம்மா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். பாதி பிஸ்கட் கரைந்து கப்புக்குள் விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவர், போன இரண்டு வருஷமும் தன் கையாலேயே இல்லை என்று குறித்தவர். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சு," என்றார் அத்தான். "எங்க போச்சோ. நாமதான் ஏதோ தொந்தரவு பண்ணியிருக்கோம். ஆபீஸ்காரனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? நான்தான் ஆள் சேத்துக் கூட்டிட்டு வந்தேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அக்கா சொன்ன டிவியும் வாசல் மணியும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு வருஷமாக இந்த மனிதர் ஒரு துக்கத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார், அதுவும் தன்னால் வந்தது என்ற நினைப்போடு. எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஊரில் இருக்கிற காதையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு ஒரே ஒரு காதை மட்டும் நம்பியிருக்கிறார்கள். நல்ல காது உள்ள மூன்று பேர் வரிசையாக நின்று, கேட்காத ஒருவரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தக் குழுவில் சார் தவறு என்று சொல்கிற வழக்கம் இல்லை. எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவும் இல்லை. கப்புகளைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு ஐந்தாவது இடத்துக்கு நடந்தோம்.

அங்கே அத்தான் தொப்பியைக் கழற்றினார், கண்ணை மூடினார். ஐந்து நிமிடம். நாணல் முழுக்க சக்கரம் ஓடியது. நாங்கள் அந்த விரலையே பார்த்தோம். அவருடைய வலது கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு தடவை சுட்டுவிரல் கொஞ்சம் அசைந்தது. தையல்காரம்மா சட்டென்று நிமிர்ந்தார். அத்தான் பேன்ட்டில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான்.

ஐந்து நிமிடம் முடிந்ததும் கண்ணைத் திறந்தார். டிரைவரிடம் தாளைக் கேட்டார். இந்த வரியை மட்டும் நானே எழுதுகிறேன் என்றார். தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"அத்தான், எழுதாதீங்க," என்றேன். "எனக்கு இன்னொரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

ஒரு இடத்தில் ஒரு தடவைதான், இரண்டாம் தடவை எண்ணுவது வழக்கம் இல்லை என்றார். பிறகு மச்சினி கேட்டு மறுத்தால் ஒரு வாரம் வீட்டில் சாப்பாடு கிடைக்காது என்று சிரித்தார், ஒப்புக்கொண்டார். நான் சொன்னது இதுதான். இந்தத் தடவை எல்லாரும் கண்ணை மூடவேண்டும். எல்லாரும் விரலைத் தூக்கவேண்டும். அத்தான் சொன்ன சக்கரச் சத்தம் காதில் விழுந்தால் தூக்குங்கள், நின்றால் இறக்குங்கள். பெயர் தெரியவேண்டியதில்லை. அக்கா, நீயும்தான்.

நான்கு பேரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் திறந்தே நின்றேன். மேசைக்குக் கீழே கையை மறைக்கத் தேவை இல்லை, பொத்தான் என்னிடம் இல்லை. நாணல் அமைதியாக இருந்தது. ஒரு நிமிடம் கழித்துச் சக்கரம் ஓடத் தொடங்கியது. தையல்காரம்மாவின் விரல் முதலில் எழுந்தது. பிறகு டிரைவருடையது. பிறகு அக்கா, ஏதோ தப்புச் செய்கிற மாதிரி, பாதி விரலைத் தூக்கினாள்.

இதைச் செய்யாமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று ஒரு கணம் யோசித்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து புள்ளி வைப்பது வேறு. தாளை மடித்து உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம், மிச்சத்தை டாக்டர் சொல்லிக்கொள்வார். இங்கே உறை இல்லை.

"அத்தான், நீங்க மட்டும் கண்ணைத் திறங்க," என்றேன்.

திறந்தார். மூன்று விரல்களைப் பார்த்தார். முதலில் புரியாமல் என்னைப் பார்த்தார். அந்த நேரம் நாணலில் சத்தம் நின்றது. மூன்று விரல்களும் ஒன்றாக இறங்கின. அவர் அசையாமல் நின்றார். மறுபடி ஓடியது. மூன்றும் ஒன்றாக எழுந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்ட மூன்று பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல். இதற்கு மேல் ஒரு சோதனை உலகத்தில் எந்த மிஷினிலும் கிடையாது. இன்னும் இரண்டு தடவை இறங்கி எழுவதை அவர் பார்த்தார். அதற்குப் பிறகு போதும் என்று நான் சொல்லி, எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அத்தான்.

தையல்காரம்மா கையை நீட்டிக் காட்டினார். பிறகு இன்னொரு பக்கமும் காட்டினார். "ரெண்டு சார். ஒண்ணு நிறுத்தினா இன்னொண்ணு ஆரம்பிக்குது."

"போன வருஷம்?"

டிரைவர் தரையைப் பார்த்தார். "இருந்துச்சு சார். அதுக்கு முந்தின வருஷமும். பூச்சின்னு நெனச்சோம் சார். நீங்க விரலைத் தூக்கல."

அத்தான் பாதையோரத்தில் அப்படியே உட்கார்ந்தார். அக்கா பதறிப்போய்ப் பக்கத்தில் போனாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்தபோது அவர் முகத்தில் இருந்தது அது இல்லை. அப்படி ஒரு முகத்தை என் அறையில் நான் பார்த்ததே இல்லை. காது போய்விட்டது என்று தெரிந்த யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

"அப்ப அது போகவே இல்ல," என்றார். "என் காதுதான் போயிருக்கு."

ஆமாம் என்றேன். போகத் தொடங்கி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும் என்றேன். கருவி மாட்டினால் இது கேட்குமா என்றார். பேச்சு கேட்கும், பேத்தி பேசுவது கேட்கும், வாசல் மணி கேட்கும் என்று வரிசையாகச் சொன்னேன். இது, என்றார் மறுபடி. சோதித்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும், ஆனால் இவ்வளவு மெல்லிய சத்தம் திரும்ப வருவது கஷ்டம் என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அவரிடமா சொல்வது.

தலையை ஆட்டினார். தாளையும் பென்சிலையும் தையல்காரம்மாவிடம் நீட்டினார். நான் கேட்கவில்லை, நான் எழுதக் கூடாது, கேட்டவர்கள் எழுதுங்கள் என்றார். தையல்காரம்மா பென்சிலைத் துணியில் கோடு போடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, இரண்டு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். டிரைவரும் போட்டார். அக்காவும் போட்டாள். பழைய இரண்டு வருஷத் தாளுக்கும் ஒரு திருத்தம் எழுதவேண்டும், தப்பு யாருடையது என்று அதில் தெளிவாகப் போடவேண்டும் என்று அத்தான் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் அறைக்கு வருவதாகத் தானாகவே சொன்னார்.

டிரைவரும் தையல்காரம்மாவும் வாசலை நோக்கி நடந்தார்கள். நான் துப்பட்டாவைக் கேட்க அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் அத்தானும் இன்னும் ஐந்தாவது இடத்திலேயே நின்றார்கள். எது வந்தாலும் இந்த இடத்தில் வாயைத் திறக்காதே என்று இரண்டு வருஷமாக அவளை அதட்டியவர், இப்போது அவளை நாணலைப் பார்த்து நிற்க வைத்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்கினாள். அவர் நாணலைப் பார்க்கவே இல்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எழுந்ததும் தன் விரலையும் தூக்கினார். அது இறங்கியதும் இறக்கினார். மறுபடி எழுந்தது, மறுபடி தூக்கினார்.

என் அறையில் இப்படிச் செய்திருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். அங்கே, அவர்கள் முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.